தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

சாயங்கால செபத்தில் அம்மா ஏன் எப்போதும் ஒரு வரி பிந்தியே சேர்கிறாள் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று பரலோக மந்திரத்தை நாம் எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறோம். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு முழங்காலில் இருக்கிறாள். 'பிதா' என்ற சொல் போன பிறகுதான் அவள் குரல் நம் குரலோடு வந்து சேர்கிறது. அம்மாவுக்கு ஆரம்பம் மறந்துபோகிறது என்றான் பெரியவன். முட்டிவலி என்றாள் சின்னவள். மறதியும் இல்லை, முட்டிவலியும் இல்லை. அவளை எதிரில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அவளிடம் போய் எதுவும் கேட்காதீர்கள்.

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். முதல் இரண்டும் ஆண். மூத்தவன் நடை பழகி முடிப்பதற்குள் ஜன்னி கண்டு போனான். அடுத்தவன் அம்மை போட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்து போனான். இரண்டு பேரும் முதலில் கற்றுக்கொண்ட சொல், நீங்கள் அப்பாவாகிய என்னைக் கூப்பிடுகிற அதே நைனா. தெருமுனையில் என் மாட்டின் கழுத்துமணி கேட்டாலே நைனா நைனா என்று கத்துவார்கள். எனக்கு அதில் ஒரே பெருமை. தெருவுக்கே கேட்கட்டும் என்று இன்னும் நாலு தரம் கூப்பிடச் சொல்லுவேன். இரண்டாவது பையனைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த அன்று உங்கள் அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஊருக்கே கேக்கிற மாதிரி கூப்புட வெச்சே. இது யாரு புள்ளன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

'அது' என்று அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு எங்கள் பக்கத்தில் பெயர் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய சமயத்தில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. பிரசவம் பார்த்தவள் தொப்புள்கொடியை அறுத்த கையோடு, "இத உங்க வூட்டுப் புள்ளையா வெச்சுக்காதீங்க, தவுட்டுக்குக் குடுத்துடுங்க" என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் அது. முறத்தில் தவிட்டைப் பரப்பி, குழந்தையை அதன்மேல் கிடத்தி, கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேறு வீட்டுக்காரி ஒருத்தி ஏதோ வழியில் போகிறவள் மாதிரி வந்து, ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அது அவள் பிள்ளை. சாவு நம் வீட்டைத் தேடி வந்தாலும் இங்கே எடுக்கப் பிள்ளை இருக்காது. வளர்ந்து, பயம் தீர்ந்த பிறகு, அதே ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பெற்றவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊரில் எல்லாச் சாதியாரும் செய்தார்கள். வேதக்காரராகிய நாங்களும் சாமியாருக்குத் தெரியாமல் செய்தோம்.

வாங்கினவள் பக்கத்து வீட்டு பாயம்மா. பிள்ளை இல்லாதவள். புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போயிருந்தார். அவள் ஆப்பம் சுட்டு விற்றுக் காலம் தள்ளினாள். குப்பைமேட்டில் முறத்தின்மேல் குனிந்து பார்த்து, யாருக்கோ கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்:

"இன்னாடி இது, மூக்கு சப்பையா, கரிக்கட்டையாட்டம் இருக்குது. இதுக்கு ஒரு படி தவுடே ஜாஸ்தி."

சாயங்காலம் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எம் புள்ளைக்குப் பால் இல்ல. இங்க யாராச்சும் குடுப்பீங்களா?" என்றாள். உள்ளே பாயில் கிடந்த உங்கள் அம்மா, "யாரு வூட்டுப் புள்ளையோ, பாவம், குடு" என்று கையை நீட்டினாள். அப்படித்தான் எங்கள் பிள்ளை எங்கள் வீட்டில் வளர்ந்தது. யாரை ஏமாற்ற இந்த நாடகம் என்று நீங்கள் சிரிக்கலாம். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்த பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானஸ்நானம் கொடுத்தோம். சாமியார் வைத்த பெயர் கோயிலோடு நின்றுவிட்டது. தெருவில் அவள் தவிட்டுப் பெண். கோயிலில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கும் ஏழெட்டு வயது வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது, அதுவரை எங்களை அம்மா என்றும் நைனா என்றும் கூப்பிட விடக் கூடாது என்று உங்கள் அம்மா முடிவு செய்தாள். பாயம்மாவை அம்மா என்றும் தன்னை அக்கா என்றும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். கரிக்காரர்.

அப்போது பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. செஞ்சிக்கு வந்த பஸ்கள் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. மலைக்குப் பின்புறக் காட்டில் மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். அதைச் சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, பஸ் கொட்டகையில் கொண்டுவந்து இறக்குவது என் வேலை. வீட்டுக்கு வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

"கரிக்காரரே, உன் மூஞ்சி எங்க?"

"வண்டியிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"போயி எடுத்துனு வா. அப்புறந்தான் கஞ்சி."

கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு என் முகத்தில் ஊற்றுவாள். கரி வழிந்து தோல் தெரியத் தெரிய, "மூக்கு வந்துடுச்சு, காது வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் அவளைத் தூக்குவேன், தோளில் வைத்துக்கொள்வேன், வண்டியில் உட்காரவைத்து ஆற்றங்கரை வரைக்கும் கூட்டிப்போவேன். மகளே என்று மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நாக்கின் நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது உங்கள் அம்மா செபம் சொல்லிக் கொடுத்தாள். முதல் வரியிலேயே பிள்ளை நிறுத்தினாள்.

"பிதான்னா இன்னா?"

"நைனான்னு அர்த்தம்."

"யாருக்கு நைனா?"

"எல்லாருக்கும்."

"எனக்குமா?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாட்டுக்கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தேன். "உனக்குந்தான்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்கு ஒரு நைனா கிடைத்துவிட்டார். தெருவில் மற்றப் பிள்ளைகள், நைனா இல்லாத தவிட்டுப் பெண் என்று கேலி செய்தால், "எங்க நைனா பரலோகத்துல இருக்காரு, உங்க நைனாவுக்கு அங்க இடமே கிடையாது" என்று திருப்பிக் கொடுப்பாள். முழங்காலில் நின்று சொல்வது மட்டும் அவளுக்குப் போதாது. ஆட்டுக்குட்டியைத் துரத்தும்போது, பாயம்மா வீட்டில் ஆப்பம் வேகும்வரை காத்திருக்கும்போது, என் வண்டியின் பின்னால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும்போது, அவரோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

"நைனா, கரிக்காரர் மாடு நொண்டுது. கொஞ்சம் பாத்துக்கோ."

"நைனா, அக்கா இன்னிக்கு என்ன அடிச்சா. நாந்தான் உப்பைக் கொட்டுனேன், அதனால நீ அடிக்காதே."

ஒருநாள் நான் வழியில் கள் குடித்துவிட்டு வந்தேன். அவள் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் அவள் குரல் கேட்டது. "நைனா, கரிக்காரர் கள்ளு குடிச்சுட்டாரு. ஒண்ணும் சொல்லாதே. கரி தூக்கித் தூக்கி அவருக்குத் தொண்டை காயுது."

எனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. கடவுள்மேல் பொறாமைப்படுவது என்ன பாவத்தில் சேரும் என்று எனக்குத் தெரியாது. நான் பெற்ற பிள்ளை நைனா என்று கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. கோட்டை அகழியிலும் மலையடிவாரக் குட்டைகளிலும் தண்ணீர் தேங்கி நின்றது. பிறகு காய்ச்சல் வந்தது. செஞ்சியில் முறைக்காய்ச்சல் புதிதல்ல. இந்தக் கோட்டையைப் பிடித்த பட்டாளங்களைப் பீரங்கியைவிடக் காய்ச்சல்தான் அதிகமாகக் கொன்றது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். எங்கள் வீட்டில் படுத்தது அவள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். பகல் பஸ் வந்து ஹாரன் அடிக்கிற நேரத்துக்குக் குளிர் ஏறும். பல் அடித்துக்கொள்ளும், கட்டில் கால் ஆடும். வீட்டில் இருந்த துணியெல்லாம் போர்த்தி, அதற்குமேல் கரிச்சாக்கையும் போர்த்துவோம். பிறகு அனலாகக் கொதிக்கும். பிறகு வியர்த்து, கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து தூங்கிவிடுவாள். மறுநாள் எழுந்து விளையாடப் போவாள். அதற்கு மறுநாள் பஸ் ஹாரன் அடிக்கும். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தோம். பாயம்மா ஓதித் தண்ணீர் கொண்டுவந்தாள். வாரங்கள் போகப் போக இடப்பக்கம் வயிற்றில் கல் மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கையும் காலும் குச்சியாகிவிட்டன.

இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கொயினா. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கையை விரித்தார். "ஜாவாவுலேருந்து வர்ற சரக்குப்பா. ஜப்பான்காரன் அத்தப் புடிச்சுட்டான். இங்க இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போயிடுச்சு. நான் எங்க போவேன், சொல்லு." திண்டிவனம் வரைக்கும் போய்க் கேட்டேன். அங்கேயும் அதே பேச்சு. சாமியாரிடம் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். வண்டியைக் கோயிலுக்கு விட்டேன்.

சாமியாரும் காய்ச்சலில் படுத்திருந்தார். கம்பளிக்குள் தாடி மட்டும் தெரிந்தது. மேசைமேல் காலிச் சீசா ஒன்று இருந்தது.

"யாருக்குக் காய்ச்சல்?"

"புள்ளைக்கு, சாமி."

"யார் பிள்ளை?"

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகின வாய். என்னை அறியாமல் வந்துவிட்டது. "பக்கத்து வூட்டு பாயம்மா புள்ள, சாமி."

அவர் கம்பளியை விலக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினவர் அவர். தகப்பன் என்று பக்கத்தில் நின்றவன் நான்.

"அப்படியா. நான் ஞானஸ்நானம் கொடுத்தது பாயம்மா பிள்ளைக்கா?" என்றார். நான் தவிட்டுக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டுவதற்கு அவருக்குத் தெம்பு இல்லை. காலிச் சீசாவைக் காட்டி, "நேற்றுக் கடைசி மாத்திரையை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீயாவது உன்னிடம் இருப்பதை அந்தப் பிள்ளைக்குக் கொடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பல் அடிக்கிற சத்தம் கேட்டது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். என்னிடம் இருப்பது என்ன? மாடு, வண்டி, காலிச் சாக்கு. வீட்டு வாசலில் மாட்டை அவிழ்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அம்மாவைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, பிள்ளையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன்.

"புதுநன்மைக்கு இன்னும் நாள் இருக்குது."

"அதுவரைக்கும் இருப்பாளான்னு தெரியலியே."

"நம்ம புள்ள இல்லன்னுதான் இத்தினி நாள் இருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொத ரெண்டும் நைனா நைனான்னு கூப்புட்டுதே, எங்க? உனுக்கு ஒரு சொல்லு கேக்கணும்னு ஆச. எனுக்குப் புள்ள வேணும்."

"நானும் புள்ளைக்குத்தான் சொல்றேன்."

"அப்போ வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டேன். அவள் சொன்னது எனக்குள்ளும் இருந்த பயம்தான். வேதக்காரன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். பிதாவை நம்புகிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு, ஒரு படி தவிட்டை நம்பியிருந்தேன்.

பிள்ளைக்கு மட்டும் பயம் இல்லை. அதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. குளிர் ஏறத் தொடங்கும்போது, "நைனா, வருது. கிட்ட வந்து படு" என்பாள். நான் சாக்கின்மேல் படுத்து அவளை அணைத்துக்கொண்டால், "நீ போயி மாட்டப் பாரு, கரிக்காரரே. நைனா இருக்காரு" என்பாள். நான் போக மாட்டேன். அவள் உடம்பு ஆடுகிற ஆட்டத்தில் என் தாடையும் ஆடும். பரலோகத்தில் இருக்கிறவரே, அவள் உங்களைத்தான் கூப்பிடுகிறாள், கிட்டே வந்து படுத்திருப்பது உண்மையானால் இந்தக் குளிரை எடுத்துவிடக் கூடாதா என்று நான் கேட்பேன். குளிர் தன் நேரத்துக்குத்தான் போனது. ஒருநாளும் முன்னால் போகவில்லை.

ஒரு பகலில் உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். காய்ச்சல் விட்ட நாள். பிள்ளை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"கரிக்காரரே, செத்துப்போனா எங்க போவாங்க?"

"யாரு சொன்னா செத்துப்போறதப் பத்தி?"

"அம்மா அழுவுது. அக்கா அழுவுது. எனுக்குத் தெரியும். எங்க போவாங்க?"

"நைனாகிட்ட."

"அங்க நெறைய பேரு இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

அவள் முகம் கோணிக்கொண்டது. அத்தனை குளிரிலும் அழாதவள் அப்போது அழுதாள். "அத்தினி பேருல நைனா யாருன்னு எனுக்கு எப்டித் தெரியும்? நான் நைனாவப் பாத்ததே இல்லியே. நைனான்னா எப்டி இருப்பாங்கன்னே தெரியாதே. வேற யார்கிட்டயாச்சும் போயிட்டா?"

கையிலிருந்த கோணூசி விரலில் ஏறிவிட்டது. வலி பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு இருந்த ஒரே பயம் அது. அந்தப் பயத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள். சாவிடமிருந்து மறைப்பதாக நினைத்து, தகப்பன் எப்படி இருப்பான் என்பதை அவளிடமிருந்து மறைத்துவிட்டோம். தகப்பனை அறியாத பிள்ளை பிதாவை எந்த அடையாளம் வைத்துத் தேடும்?

வாசலைப் பார்த்தேன். உங்கள் அம்மா இன்னும் வரவில்லை. 'அது' கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே தோன்றியது. அப்படித் தோன்றும்போதேதான் சொன்னேன்.

"உனுக்குத் தெரியும். நாந்தான் உன் நைனா. நான் பெத்த புள்ள நீ. அங்க இருக்கிற நைனா என்னாட்டந்தான் இருப்பாரு. என்னவிட நல்லவரு. கள்ளு குடிக்க மாட்டாரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரும் கரியா இருப்பாரா?"

"நீ தண்ணி ஊத்துனா மூஞ்சி வந்துடும்."

சிரித்தாள். நைனா என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். ஒரு தரம் இல்லை, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், இனிப்பு கிடைத்த பிள்ளை சப்புவது மாதிரி. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வந்து நின்ற உங்கள் அம்மாவின் காதில் அது விழுந்தது. குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பாயம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்லிவிட்ட பிறகு வழக்கத்தை முடிக்க வேண்டும் அல்லவா. மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு பாயம்மாவின் வாசலில் நின்றேன். அவள் வெளியே வந்து படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இப்ப வாணாம் தம்பி. நல்லாகட்டும். இது எம் புள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும். எனுக்கும் வேற யாரு இருக்காங்க?" ரங்கூனிலிருந்து அவளுக்குச் சேதி வந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"பாயம்மா, அவ நைனாவத் தேடுறா."

அதற்குமேல் அவள் மறுக்கவில்லை. முந்தானையை ஏந்தித் தவிட்டை வாங்கிக்கொண்டாள். எங்கள் கட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, தெருப்பக்கம் நின்று, என் கையில் கொடுத்தாள். நான் முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோகத் திரும்பினேன். பிள்ளை பாயம்மாவின் முந்தானையை எட்டிப் பார்த்தாள்.

"நான் இவ்ளோதானா வெல?"

"அப்பவே ஜாஸ்தின்னேன்டி" என்றாள் பாயம்மா. சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சில நாள்தான். அந்த நாள்களில் நான் வண்டி பூட்டவில்லை. இரண்டு நைனாவையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. "அந்த நைனாகிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன்" என்பாள் என்னிடம். "இந்த நைனாவுக்கு விரல்ல ரத்தம், பாரு" என்பாள் அவரிடம். கடைசி முறை பஸ் ஹாரன் அடித்தபோது குளிர் வந்தது, ஆனால் உடம்பு ஆடவில்லை. ஆடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. என் மடியில் இருந்தாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள், மூக்கு, காது என்று. எந்த நைனாவைக் கடைசியாகக் கூப்பிட்டாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் சும்மா இருந்தாள். வெயில் சாயும்முன் போய்விட்டாள்.

உங்கள் அம்மா எங்கள் வீட்டில் அழவில்லை. பாயம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து, சாவு அந்த வீட்டில் விழுந்தது போல, அங்கேயே அழுதாள். பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகும்போதும் வாசலுக்கு வரவில்லை. நான் திரும்பி வந்து குளித்துவிட்டு நின்றபோது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"நீ சொன்னே. அது கேட்டுது."

பதில் இருந்தது. மருந்து இல்லாமல் செத்தாள் என்று சொல்லலாம். மலையடிவாரத்தில் அந்த வருஷம் விற்காத பிள்ளையும் செத்தது, விற்ற பிள்ளையும் செத்தது. அதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நெடுநாள் அவள் கோயிலுக்கு வரவில்லை. பிறகு வந்தாள். முழங்காலிட்டாள். அந்த ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை.

பெரியவனே, நாடு விடுதலை ஆன வருஷம் நீ பிறந்தாய். உன்னைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அவள் முறத்தில் தவிட்டைப் பரப்பிவிட்டாள். பாயம்மா கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். நான் சண்டை போடவில்லை. உன்னை முறத்திலிருந்து எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், "எம் புள்ள இது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னேன். உள்ளே உங்கள் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு வெகுநாள் அவள் உன் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

நீ பிழைத்தாய், உன் தங்கையும் பிழைத்தாள். அதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. அவள் பிழைக்கவில்லை, அதனால் அது தப்பு என்றும் ஆகாது. பிழைக்கவைப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. யாரிடம் போகிறோம் என்று தெரிந்து போகட்டும் என்றுதான் சொன்னேன். பிதாவை நம்பினால் கஷ்டம் வராது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். தம் மகன் ஞானஸ்நானம் வாங்கின ஆற்றங்கரையில் எல்லார் காதிலும் விழ, இவர் என் மகன் என்று சொன்னவர் அவர். அந்த மகனும் சிலுவையில்தான் செத்தார். பிள்ளைக்குக் குளிரும்போது கிட்டே வந்து படுத்திருப்பவர் அவர் என்று மட்டும் நம்புகிறேன். குளிரை ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தகப்பன் என்பதால்தான் கேட்கிறேன். அந்நியனிடம் இப்படியெல்லாம் கேட்க முடியாது.

இன்று சாயங்காலமும் முழங்காலில் நிற்போம். அந்தச் சொல் வரும்போது அம்மாவைத் திரும்பிப் பார்க்காதீர்கள். முழங்கையால் இடிக்காதீர்கள். அவள் வந்து சேரும் வரைக்கும் அந்தச் சொல்லை அவளுக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.